பூ இல்லாத செடியை அடையாளம் காண்பது எப்படி?

மான் மேய்ந்துவிட்டுப் போன புதரில் பெரும்பாலும் பூவும் மிஞ்சாது, காயும் மிஞ்சாது. பாதி இலை, கடிபட்ட குச்சி, அவ்வளவுதான். தாவரவியல் பாடங்களோ பூவை வைத்தே செடியைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகின்றன. காட்டுயிர் ஆய்வுக்கு வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். இலை, தண்டு, கணு இவற்றைக் கொண்டே செடியைச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும்.

முதலில், கையில் இருப்பது முழு இலையா, இலையின் ஒரு பகுதியா? வேப்பிலை என்று நாம் கிள்ளுவது உண்மையில் ஒரு சிற்றிலை. ஈர்க்கோடு சேர்ந்த வரிசை முழுவதும்தான் ஓர் இலை. உறுதி செய்ய மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும், சில சமயம் கடுகைவிடச் சிறிதாக. சிற்றிலையின் அடியில் அது இருக்காது. இதைத் தவறாகப் பார்த்தால் அடுத்த கேள்விகள் எல்லாமே தடம் மாறிவிடும். அதனால் கைலென்ஸோடு இதில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

அப்புறம், இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வருகின்றனவா, இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கின்றனவா என்று பாருங்கள். எதிரெதிரே நின்று, இரு காம்புகளுக்கும் நடுவே தண்டின் மேல் ஒரு சிறு செதிலும் இருந்தால், காப்பியும் வெட்சியும் சேர்ந்த குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். எதிரிலையோடு சதுரத் தண்டும் கசக்கினால் வாசனையும் இருந்தால் துளசிக் குடும்பத்தை நினைக்கலாம். கிள்ளினால் பால் வடிவது எருக்கு, ஆல், கள்ளி என்று பல குடும்பங்களில் உண்டு. கள்ளிப் பாலும் எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து, கையைக் கழுவிவிடுங்கள்.

புல்லும் கோரையும்தான் பலரைக் குழப்புகின்றன. தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். கோரையில் பெரும்பாலும் மூன்று விளிம்பு தட்டும். புல்லின் தண்டு உருண்டை, கணுக்கள் தெளிவாகத் தெரியும். புல் இலை தண்டைவிட்டு விலகும் இடத்தில் மெல்லிய சவ்வோ மயிர் வரிசையோ இருக்கும். பூக்காத புல்லை இனம் பிரிக்க அதுதான் பெரிய துணை.

கடித்த வாயும் குச்சியில் தெரியும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, பிய்த்துத்தான் தின்னும். அதனால் முனை நார்நாராக இருக்கும். முயல் கடித்தது சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும்.

படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் பூவுள்ள செடிக்கு நன்றாக உதவுகின்றன. கடிபட்ட தளிருக்கு அவற்றை நம்ப முடியாது.

செடி முழுவதும் வயிற்றுக்குள் போய்விட்டால்கூடத் தடயம் மிஞ்சும். இலையின் மேல்தோலைப் போர்த்தியுள்ள மெழுகுப் படலம் எளிதில் செரிக்காது. சாணத்தைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் மேல்தோல் துண்டுகள் தெரியும். புல்லில், இலை காற்று வாங்கும் நுண்துளையான இலைத்துளையைச் சூழ்ந்த காப்பு செல்கள் நடுவில் குறுகி, இரு முனையும் பருத்திருக்கும். மற்றச் செடிகள் பெரும்பாலானவற்றில் அவை அவரை விதை வடிவில் இருக்கும். ஆனால் எந்தத் துண்டு எந்தச் செடி என்று சொல்ல, அதே காட்டில் பறித்த, பெயர் தெரிந்த செடிகளின் மேல்தோலை வைத்த மாதிரிக் கண்ணாடித் தகடுகளோடு ஒப்பிட வேண்டும். அந்த மாதிரியில் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால், விலங்கின் உணவுப் பட்டியலும் தவறாகிவிடும். ஆகவே பறிக்கும்போதே எண், இடம், தேதி குறித்து, ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி வைக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் அதே செடிக்குத் திரும்பப் போய் இன்னொரு கிளை எடுத்து, பெயரைச் சரிபார்க்க வேண்டும்.