ஊசி நம் கையில் ஏறினால் யாரைக் கூப்பிடுவது?

கிடேரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி, அதாவது மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான ஊசி, போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கன்று துள்ளியதில் ஊசி என் இடது பெருவிரலில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மீதிக் கன்றுகளையும் முடித்தேன். மாலையில் பார்த்த மருத்துவர், "மாட்டு ஊசிதானே, ஒன்றும் செய்யாது" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசி அது. மனிதருக்கும் நோய் வரலாம். வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரவு பத்து மணிக்கு எங்கள் கால்நடை மருத்துவர் சங்கத்து மூத்தவர் ஒருவரை அழைத்தேன். எடுத்ததும் அவர் கேட்டது: "எஸ்19-ஆ, ஆர்பி51-ஆ? குப்பியைப் பார்த்துச் சொல்லுப்பா."

இரண்டும் அந்தத் தடுப்பூசியின் வகைகள். எது ஏறியது என்பதைப் பொறுத்துத்தான் மருந்தே மாறும். புரூசெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசின் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஆர்பி51-க்கு ரிஃபாம்பிசின் பலிக்காது. வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும் அது அகப்படாது. என் கையில் ஏறியது எஸ்19. மறுநாள் அவரே இன்னொரு மருத்துவரிடம் பேசினார். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டேன்.

மாடுகளின் நிமோனியாவுக்குப் போடும் டில்மிகோசின் இதைவிட ஆபத்து. மனித உடம்பில் ஏறினால் இதயத்தைத் தாக்கும், முறிவு மருந்து கிடையாது, உயிர் போனவர்கள் உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல் அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். குத்திவிட்டால் ஐஸ் வைத்தபடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மருந்துப் பெட்டியில் உள்ள தாளையும் எடுத்துக்கொண்டு.

மாடு பார்க்கும் மருத்துவர்களுக்கென்றே பல நாடுகளில் சங்கங்கள் உண்டு. அமெரிக்காவில் 1965-லேயே தொடங்கிவிட்டார்கள். உலக அளவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநாடும் நடக்கிறது. மாநாடு, பயிற்சி எல்லாம் சரி. ஆனால் தொழுவத்தில் தனியாக நிற்பவருக்கு ராத்திரியில் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்தான் முதலில் வேண்டும். உங்கள் சங்கத்தில் அப்படி ஒரு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முறை வைத்து நான்கு பேர் எடுத்தாலே போதும்.

இப்போது நானும் அந்த முறையில் இருக்கிறேன். போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அழைத்தார். கன்று ஈன்றதும் கருப்பை வெளியே தள்ளிய பசு. நல்லபடியாக உள்ளே வைத்து முடித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பசு விழுந்து இறந்துவிட்டது. தன் கையால்தான் போனது என்று அழுதார். கருப்பையின் பெரிய இரத்தக்குழாய் உள்ளுக்குள் கிழிந்திருந்தால் யார் வைத்தாலும் அப்படி ஆகலாம் என்று சொன்னேன். அப்புறம், எனக்கும் அப்படி இரண்டு பசுக்கள் போயிருக்கின்றன என்பதையும் சொன்னேன்.