கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்கும் நிரல்

ஒருவர் வயதுவந்தவரா என்று சொல்லும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்துண்டை) எழுதச் சொன்னால், 'வயது >= 18' எனில் ட்ரூவை (உண்மை) திருப்பி அனுப்பு, இல்லையெனில் ஃபால்ஸை (பொய்) திருப்பி அனுப்பு என்று நான்கைந்து வரிகளில் பலரும் எழுதுவார்கள். அது சரியாகத்தான் இயங்கும். ஆனால், ஒப்பீட்டைக் கணக்கிட்ட கணத்திலேயே ட்ரூ அல்லது ஃபால்ஸ் கிடைத்துவிடுகிறது. கிடைத்த விடையை இஃப் என்ற நிபந்தனைக் கட்டளை கொண்டு பிரித்துப் பார்த்து, அதே விடையை மறுபடி எழுதித் தருவதைத் தவிர மீதி வரிகளுக்கு வேலை இல்லை. 'ரிட்டர்ன் வயது >= 18' என்ற ஒரே வரி போதும்.

உண்மை, பொய் ஆகியவற்றையும் எண்களைப் போல இயற்கணிதத்தில் கையாளலாம் என்பதைக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் 1847, 1854 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் விளக்கினார். நிரலில் சற்று மறைந்திருக்கும் மிகைகளை, அதாவது தேவையற்ற பகுதிகளைப் பிடிக்க அந்த இயற்கணிதம்தான் உதவுகிறது. 'உறுப்பினராக இருந்தால், அல்லது உறுப்பினராக இல்லாமல் கூப்பன் வைத்திருந்தால் தள்ளுபடி' என்ற நிபந்தனையைப் பாருங்கள். 'அல்லது' என்பதன் வலப்பக்கத்துக்கு நிரல் வந்துசேர்ந்தாலே அவர் உறுப்பினர் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆகவே 'உறுப்பினர் அல்லது கூப்பன்' என்பதே முழு நிபந்தனை. ஐயமிருந்தால் உறுப்பினர், கூப்பன் என்ற இரு மாறிகளுக்கும் உரிய நான்கு சேர்க்கைகளைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். நான்கிலும் விடை மாறாது.

இப்படிச் சுருக்குவதால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இத்தகைய மிகைகளில் பலவற்றை நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் இன்றைய கம்பைலர்கள் தாமே நீக்கிவிடுகின்றன. ஆதாயம் படிப்பவருக்குத்தான். தேவையற்ற நிபந்தனையைக் காண்பவர், இதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று நம்பி, இல்லாத காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பிறர் நிரலைப் படிக்கையில் என் நேரம் மிகுதியாகக் கரைவது இங்கேதான்.

இருப்பினும், மிகை போலத் தோன்றுவதெல்லாம் மிகை அன்று. 'தகுதி == ட்ரூ' (தகுதி ட்ரூவுக்குச் சமமா?) என்பதில் பின்பாதியை வெட்டத் தோன்றும்; தகுதி ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு மதிப்புகளை மட்டுமே ஏற்குமானால் தாராளமாக வெட்டலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ, "2" என்ற எழுத்துச்சரத்தைத் தனியே இஃபுக்குள் வைத்தால் உண்மையாகக் கொள்ளப்படும்; '"2" == ட்ரூ' என்று எழுதினால், இருபுறமும் எண்ணாக மாற்றப்பட்டு, 2 ஆனது 1-க்குச் சமமா என்ற கேள்வியாகிப் பொய்யாகும். காட்லின் மொழியில் ஒரு மாறி 'நல்' (null, மதிப்பே இல்லை) என்பதையும் ஏற்கக்கூடியதாக இருந்தால் அதை நேரடியாக இஃபுக்குள் வைக்கக் கம்பைலரே விடாது; அங்கே '== ட்ரூ' என்பது, மதிப்பே இல்லாத நிலையையும் 'இல்லை' என்று கொள்ளும்படி சொல்கிறது.