செப்டம்பர் கடல் ஏன் ஆறுவதில்லை?

நீஸ் நகரத்துக் கடற்கரையில் மணல் கிடையாது. கோழிமுட்டை அளவிலிருந்து இட்லி அளவு வரை சாம்பல் நிறக் கூழாங்கற்கள்தான். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வார் ஆறு காலங்காலமாக உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தவை. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கற்கள்மேல் நின்றேன். உள்ளங்கால் சில்லிட்டது. காற்று 17 டிகிரி. போட்டிருந்த ஸ்வெட்டர் போதவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி நீச்சல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல் கடலுக்குள் இறங்கிப் போனார். அந்தத் தைரியத்தில் நானும் கணுக்கால் நனையும் இடம் வரை போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கரையில் கிடக்கும் கல் குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும் கடல் குளிரவில்லை.

தெற்கு பிரான்சின் இந்தக் கரைக்கு ஆகஸ்டில் வந்தால் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்ததும் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும். சீசன் முடிந்துவிட்டது என்பார்கள். நம் நாட்காட்டிக்கு அது சரி. கடலின் நாட்காட்டி வேறு.

சூரியனைப் பொறுத்தவரை மார்ச் 20-ம் செப்டம்பர் 22-ம் கிட்டத்தட்ட ஒரே நாள். இரண்டிலும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். நீஸில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 46 டிகிரி உயரத்தில் நிற்கும். (ஜூன் 21-ல் அது 70 டிகிரி, பகலும் 15 மணி நேரத்துக்கு மேல்.) வந்து விழும் வெயில் ஒன்றே. ஆனால் மார்ச்சில் கடலின் மேற்பரப்பு 13, 14 டிகிரி. செப்டம்பரில் சுமார் 23. ஒரே வெயிலுக்கு ஏறக்குறைய பத்து டிகிரி வித்தியாசம். இந்தப் பத்து டிகிரி எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயமே.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது, கீழே குழாயும் திறந்திருக்கிறது. மோட்டாரின் வேகம் மெல்லக் குறைந்தாலும், வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருக்கும்வரை தொட்டியில் நீர்மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். வரவும் செலவும் சமமாகும் நாளில்தான் மட்டம் உச்சம் தொடும். கடலின் வெப்பமும் இப்படித்தான். ஜூன் 21-க்குப் பிறகு வெயில் குறையத் தொடங்கினாலும், கடல் இழப்பதைவிடப் பெறுவதே ஆகஸ்ட் வரை அதிகம். உச்சம் அங்கேதான் வருகிறது. பிறகு இறங்குவதும் மெதுவாகத்தான், ஏனென்றால் தொட்டி அவ்வளவு பெரியது.

எவ்வளவு பெரியது? கூழாங்கல்லோடு ஒப்பிட்டால் புரியும். மதியம் இரண்டு மணிக்கு நீஸ் கரையின் கற்கள்மேல் வெறுங்காலுடன் நடக்க முடியாது. ராத்திரிக்குள் அவை ஆறிவிடும். காரணம், ஒரு நாள் வெயில் நிலத்துக்குள் சில பத்து சென்டிமீட்டர்தான் இறங்கும். அந்த மெல்லிய தோல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடலோ ஒளியை உள்ளே விடுகிறது. அதிலும் மத்திய தரைக்கடல் கண்ணாடிபோலத் தெளிந்த கடல், நீலக்கதிர்கள் பல பத்து மீட்டர் ஆழம் வரை போகும். மேலே சூடான நீரைக் காற்றும் அலையும் கலக்கிக் கீழே தள்ளுகின்றன. போதாததற்கு, நீரைச் சூடாக்குவதே கடினம்: ஒரு கிலோ கல்லை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைப்போல நாலைந்து மடங்கு வேண்டும். பூமியைச் சுற்றியுள்ள வளிமண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீரே தாங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பு, அதன் கீழே 20 மீட்டர் ஆழத்துக்கு நீர். மார்ச்சிலிருந்து அது பத்து டிகிரி சூடேறியிருந்தால், சேர்ந்திருக்கும் வெப்பம் சுமார் 225 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஃபேனும் ஃப்ரிட்ஜும் டிவியும் ஓடும் ஒரு சிறிய வீட்டுக்கு ஒரு மாதம் போதும். ஒரு துண்டு விரிக்கும் இடத்துக்குக் கீழே இவ்வளவு!

அன்று நீந்திக் கொஞ்சம் ஆழத்துக்குப் போனபோது, நீர் எங்கும் ஒரே சூட்டில்தான் இருந்தது. ஜூலையில் இதே இடத்தில் மூச்சடக்கி நாலைந்து மீட்டர் கீழே போனபோது சட்டென்று ஒரு குளிர் எல்லை முகத்தில் அறைந்தது நினைவுக்கு வந்தது. மேலே சூடான, எடை குறைந்த நீர். கீழே குளிர்ந்த, அடர்ந்த நீர். நடுவில் வெப்பநிலை மளமளவென்று சரியும் ஒரு மெல்லிய அடுக்கு. இதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறார்கள். கோடையில் காற்று ஓய்ந்திருப்பதால் இந்த எல்லை கரையோரம் மேலேயே நிற்கும். செப்டம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கும். மேற்பரப்பு நீர் ஆறி, கனத்து, கீழே இறங்கும். காற்றும் பலப்படும். இரண்டும் சேர்ந்து கலக்கக் கலக்க எல்லை ஆழத்துக்குத் தள்ளப்படும். மேலே ஒன்றிரண்டு டிகிரி குறையும்போதே 30 மீட்டர் ஆழத்தில் வெப்பம் ஏறும். அங்கே ஆண்டின் மிகச் சூடான நாட்கள், மேலே குடைகளை மடித்துக் கட்டிய பிறகுதான் வருகின்றன.

நமக்கு இதமான இந்த இறக்கம், கீழே வாழும் உயிர்களுக்குக் கொடுமையாகவும் மாறும். 1999-ல் அதுதான் நடந்தது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து சூடான நீர் 40 மீட்டர் ஆழம் வரை இறங்கி, வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. பிரான்சின் புரோவான்ஸ் கரையிலும் இத்தாலியின் லிகூரியக் கரையிலும் பாறைச் சுவர்களில் விசிறிபோல விரிந்து வளரும் சிவப்புக் கடல் விசிறிகளும் கடற்பஞ்சுகளும் பெருமளவில் செத்தன. கடல் விசிறி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட வளராத உயிரினம். ஒரு முழங்கை உயரம் வளர்ந்த விசிறி பல பத்தாண்டுகளின் உழைப்பு. அது ஒரே செப்டம்பரில் தசை உரிந்து எலும்பாக நிற்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதற்குப் பிறகு 2003-லும் 2022-லும் கடல் வெப்ப அலைகள் வந்து சாவுகளைக் கொண்டுவந்தன.

எல்லா ஊரிலும் செப்டம்பர் கடல் இப்படி இதமாக இருக்காது. மேற்கே மர்சேய் பக்கம் மிஸ்ட்ரல் என்னும் வடக்குக் காற்று ரோன் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வரும். அது மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். நேற்று 23 டிகிரி இருந்த கடல் இரண்டே நாளில் 16-க்கு இறங்கிவிடும். நீஸ் மலைகளின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

ஆனால் அதே மலைகள் வேறொன்றைக் கொண்டுவருகின்றன. கடல் தன் வெப்பத்தை இழக்கும் முக்கியமான வழி ஆவியாதல். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய முக்கால் யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த வெப்பம் அழிவதில்லை, நீராவிக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று மேலடுக்கில் இறங்கி வரும். கீழே கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். தெற்குக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தால், எதிரே ஐம்பது கிலோமீட்டருக்குள் 3,143 மீட்டர் உயர ஜெலாஸ் சிகரம் வரை ஏறும் மலைத்தொடர். காற்று மேலே ஏறியே ஆக வேண்டும். ஏறினால் குளிரும், நீராவி துளியாகும், ஒளிந்திருந்த வெப்பம் வெளிப்பட்டு மேகத்தை இன்னும் மேலே உந்தும். ஜூலையில் கடல் சேர்த்து வைத்த வெயில் அக்டோபரில் மழையாகக் கொட்டுகிறது.

2015 அக்டோபர் 3-ம் தேதி இரவு கான் நகரைச் சுற்றிச் சில மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 20 பேர் இறந்தார்கள். மான்டெலியூவில் பூமிக்கடியிலிருந்த கார் நிறுத்தங்களிலிருந்து வண்டியை வெளியே எடுத்துவிடலாம் என்று இறங்கிப்போனவர்களை வெள்ளம் அங்கேயே பிடித்துக்கொண்டது. 2020 அக்டோபர் 2-ம் தேதி அலெக்ஸ் புயலில் மலையூரான சான் மார்த்தான் வெசுபியில் 24 மணி நேரத்தில் 500 மில்லிமீட்டர் மழை. ஆற்றங்கரை வீடுகள் அப்படியே அடித்துச் செல்லப்பட்டன.

ஆகவே சீசன் முடிந்த பிறகு அங்கே போகிறவர்கள் கடலின் வெப்பநிலையோடு பிரெஞ்சு வானிலைத் துறையின் வண்ண எச்சரிக்கையையும் பாருங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் ஆற்றுப் படுகைகளுக்கும் பூமிக்கடியிலுள்ள கார் நிறுத்தங்களுக்கும் அருகே போகாதீர்கள். நீஸின் நடுவே நீண்ட பூங்காவாகத் தெரியும் இடத்துக்கு அடியிலேயே பயோன் ஆறு மூடப்பட்டு ஓடுகிறது. பெரும்பாலான நாட்களில் அது ஒரு கீற்றுத் தண்ணீர்தான். மலையில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் வேறு ஆறாகிவிடும்.

மழையும் காற்றும் இப்படி வாங்கிக்கொண்டே போக, நவம்பர், டிசம்பரில் கடல் மெல்ல மெல்ல ஆறி வரும். பிப்ரவரியில் மேற்பரப்பு 13 டிகிரிக்கு வந்து நிற்கும். அதற்குக் கீழே அது போகாததற்கும் காரணம் உண்டு: இந்தக் கடலின் ஆழ்நீர் முழுவதுமே ஏறக்குறைய 13 டிகிரிதான். ஜிப்ரால்டர் நீரிணையில் சுமார் 300 மீட்டர் ஆழத்திலிருக்கும் மேடு அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழ்நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. மேலும் கீழும் ஒரே சூடு என்றால் இரண்டையும் பிரித்துவைத்த எல்லை கரைந்துபோகும். குளிர்காலக் காற்று ஆழம் வரை கலக்கும், கீழே தேங்கிக் கிடந்த சத்துகள் மேலே வரும். கோடையில் இந்தக் கடல் அவ்வளவு நீலமாகத் தெரிவதே மேல்நீரில் சத்தும் நுண்பாசியும் குறைவு என்பதால்தான். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறும்போது, குளிர்காலம் மேலே கொண்டுவந்த சத்தில் நுண்பாசிகள் பெருகும். அந்தச் சில வாரங்கள் நீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்திருக்கும். நீரில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும்.