முடிவு தெரிந்த காதல் கதை மறுபடியும் ஏன் இனிக்கிறது?

சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கும் என் அக்காள் மகள், ஒரே மாயாஜால நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். வாள் பிடிக்கும் பெண்ணுக்கும் எதிரி நாட்டு இளவரசனுக்கும் இடையே மெல்ல மெல்லக் கனியும் காதல்தான் கதை. பாதிப் புத்தகம் தாண்டிய பிறகுதான் இருவரும் முகம் கொடுத்தே பேசுவார்கள். தோட்டத்தில் மரம் சீவி ஓய்ந்த பாட்டி அவளைக் கேட்கிறார்: "முடிவுதான் தெரியுமே, அப்புறம் எதுக்கும்மா மறுபடியும்?"

அருமையான கேள்வி. இதற்கு உளவியலிலும் மூளை அறிவியலிலும் விடை தேடலாம்.

நமக்குக் கதை நினைவிருக்கும், சொற்கள் நினைவிருக்காது. 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற ஆய்வாளர் சிலருக்கு ஒரு பத்தியைக் கேட்கக் கொடுத்தார். அதில் வந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி, இதையா கேட்டீர்கள் என்றார். பொருள் மாறியிருந்தால் கண்டுபிடித்தார்கள். சொல்லும் முறை மட்டும் மாறியிருந்தால், அரை நிமிடத்துக்குள்ளேயே பலருக்குப் பிடிபடவில்லை. இளவரசன் மன்னிப்புக் கேட்பான் என்பது என் அக்காள் மகளுக்குத் தெரியும். எந்தச் சொற்களில், எவ்வளவு தயங்கிக் கேட்பான் என்பது ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் புதிதுதான்.

கண்ணும் வேறு மாதிரி வேலை செய்கிறது. தெரிந்த பக்கத்தில் பார்வை ஒவ்வோர் இடத்திலும் குறைவான நேரமே நிற்கிறது; பின்னால் திரும்பிப் போய்ப் படிப்பதும் குறைகிறது. யார் யார், எங்கே நடக்கிறது என்று கட்டியெழுப்பும் உழைப்பு மிச்சமாகிறது. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தினமும் மோட்டாரில் போகிறவருக்குக் குழி எங்கே என்று தெரியும், அதனால் சுற்றிலும் பார்க்க முடிகிறது இல்லையா, அதுபோல. முதல் வாசிப்பில் இளவரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டது திமிராகத் தெரிந்தது. இப்போது அது பயம் என்று புரிகிறது. மெதுவாக நகரும் காதல் கதையில் இப்படி ஒளித்துவைத்த குறிப்புகள் ஏராளம். என் கணிப்பில், அந்தக் கதைகள் மறுவாசிப்புக்கென்றே எழுதப்பட்டவை.

இனி, காத்திருக்கும் இன்பம். 2011இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் குழுவினரும், இசை கேட்பவர்களின் மூளையில், இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அளந்தார்கள். கேட்டது புதுப் பாட்டல்ல. அவரவரே தேர்ந்தெடுத்த, நன்றாகப் பழகிய, சிலிர்ப்பூட்டும் இசை. சிலிர்ப்பு வரும் அந்த உச்சத்தில் மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் கூடியது. அதற்குச் சற்று முன்பு, 'இதோ வரப்போகிறது' என்று எதிர்பார்க்கும் நேரத்திலோ, காடேட் என்ற வேறொரு பகுதியில் கூடியது. மின்னல் எஃப்.எம்.மில் பழைய பாட்டு வந்தால், பிடித்த சரணம் வருமுன்பே பாட்டி முகம் மலர்வது இதனால்தான். இது இசையில் அளந்தது, நாவலில் அல்ல. ஆனாலும் இருவரும் ஒரே குடையில் ஒதுங்கும் அத்தியாயம் நெருங்க நெருங்க என் அக்காள் மகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கும்போது, அங்கும் இதேதான் நடக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. எங்கே உச்சம் என்று தெரிந்தவருக்குத்தானே அதற்காகக் காத்திருக்க முடியும்!

சரி, முடிவு தெரிந்தும் நெஞ்சு ஏன் படபடக்கிறது? ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் இதை ஆராய்ந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபரானது ஊரறிந்த செய்தி. அது நடக்குமா என்று சந்தேகம் எழும்படி எழுதிய சிறு கதையைப் படித்தவர்கள், 'ஆனார், உண்மைதான்' என்று சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது, தெரிந்த விஷயம் உடனே கைக்கு எட்டுவதில்லை. சீதை மீட்கப்படுவாள் என்று தெரிந்தே அசோகவனக் காட்சியில் கண் கலங்குகிறோமே!

முடிவை முன்பே சொல்லிவிட்டால் கதை கெடும் என்பதும் அவ்வளவு உறுதியில்லை. லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் 12 சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வில், முடிவை அறிந்து படித்தவர்களே சராசரியாக அதிகம் ரசித்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் மாறான முடிவையும் தந்தன. கடைசிப் பக்கத் திருப்பத்தை மட்டுமே நம்பிய கதை மறுவாசிப்பில் இளைத்துப்போகலாம். மெல்லக் கனியும் காதலில் இருவரும் சேர்வார்கள் என்பதை முதல் வாசிப்பிலேயே பலர் ஊகித்துவிடுகிறார்கள். அதனால் இரண்டாம் முறை இழப்பதற்கு அங்கே அதிகம் இல்லை.