ராத்திரி எழுப்பும் புராஸ்டேட்

அறுபது தாண்டிய ஆண்கள் பலருக்கு ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒன்றுக்குப் போக எழுந்து நின்றால் உடனே வராது. வந்தாலும் மெல்லிய தாரை. முடிந்தது என்று திரும்பினால் வேட்டியில் இரண்டு சொட்டு. 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடுபவர்கள் உண்டு. புற்றுநோயோ என்று பயந்து சாகிறவர்களும் உண்டு.

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம். நடுவயதுக்குப் பிறகு, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்ற ஹார்மோனின் தூண்டுதலில் அது மெல்ல வளர்கிறது. வளர்வது குழாயை ஒட்டிய உள்பகுதி என்பதால் குழாய் நெரிபடுகிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். இது புற்றுநோய் இல்லை.

ஆனாலும் சும்மா விடக்கூடியதில்லை. வழி குறுகியதும் சிறுநீர்ப்பைத் தசை முக்கித் தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளியே தசை தடிக்கிறது. தடித்த தசை, பை நிறையும் முன்பே சுருங்கப் பார்க்கிறது. பாத்ரூம் போவதற்குள் அவசரம் மீறுவது இதனால்தான். வருடங்கள் போனால் தசை சோர்ந்துவிடும். பை முழுக்கக் காலியாகாது, தேங்கிய சிறுநீரில் கிருமி சேரும், கல் உண்டாகும். சிலருக்குப் பை நிரம்பி வழியவே ஆரம்பித்துவிடும். வலியே இருக்காது. 'அப்பாவுக்கு அடக்க முடியல' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம், சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கும் பினைலெஃப்ரின் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் சேர்த்து இறுக்கும். அதே மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமைன், பையின் தசையைப் பலவீனமாக்கும். புராஸ்டேட் வீங்கியவருக்கு ஒரே ராத்திரியில் சிறுநீர் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்கும்போதே தொந்தரவைச் சொல்லிவிடுங்கள்.

சரி, புற்றுநோய்? அது பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில், மலக்குடல் பக்கம் தொடங்குகிறது. குழாயைத் தொடாததால் ஆரம்பத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது. புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை துப்புக் கொடுக்கும். ஆனால் சாதாரண வீக்கத்திலும் கிருமித்தொற்றிலும்கூட அந்த அளவு ஏறும் என்பதால், ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. பதற வேண்டியது வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால். ஒரே தடவை வந்து நின்றுபோனாலும், குறிப்பாகப் புகை பிடிப்பவர்கள், டாக்டரிடம் போய்விட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும்.

ஆண்களின் இன்னொரு தொந்தரவான விறைப்புக் குறைவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டிகள்தான் பேசுகின்றன. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மி.மீ. அகலம், இதயத்துக்குப் போவது 3 முதல் 4. கொழுப்பு எல்லாக் குழாயிலும் படிகிறது, சின்னது முதலில் திணறுகிறது. நெஞ்சுவலிக்குச் சில வருடங்கள் முன்பே இது வந்துவிடக்கூடும் என்பதால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். இதயத்துக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது; இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும்.