6 கிலோ நாயும் 650 மில்லிகிராம் மாத்திரையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எங்கள் வீட்டுப் பொமரேனியன் மணி சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. அதன் காதைத் தொட்டுப் பார்த்த அத்தை, "உடம்பு அனலாக் கொதிக்குதுடா. அரை மாத்திரையைத் தயிர்சாதத்துல பெசஞ்சு குடுத்துருவோம்" என்றார். அவர் கையில் இருந்தது வீட்டில் எல்லோரும் காய்ச்சலுக்குப் போடும் 650 மில்லிகிராம் பாராசிட்டமால். அன்பினால் எழுந்த யோசனை அது. ஆனால் அந்த அரை மாத்திரை நாயின் உடலுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை அன்று எங்களில் யாரும் அறிந்திருக்கவில்லை.

முதலில் காய்ச்சலைப் பார்ப்போம். ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பநிலையே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். அடுத்தது எடைக்கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் முழு மாத்திரையை விழுங்கினால் கிலோவுக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் மருந்து சேர்கிறது. 6 கிலோ மணிக்கு அரை மாத்திரை கொடுத்தாலே கிலோவுக்கு 54 மில்லிகிராம். முழு மாத்திரை என்றால் 108. அப்படியானால் பத்தில் ஒரு பங்கைக் கிள்ளிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்கத் தோன்றும். சிக்கல் அளவோடு முடிவதில்லை. மருந்து உடலில் செய்யும் வேலை ஒன்று, உடல் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலை மற்றொன்று. முதல் வேலை மனிதரிலும் நாயிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியாக நடக்கிறது. இரண்டாவது வேலையில்தான் இரண்டு உடல்களும் வேறு வேறு வழியில் போகின்றன.

இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நேப்ராக்சென், ஆஸ்பிரின் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உருவாவதைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971இல் பிரிட்டன் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டறிந்தார்; 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். காயமும் வீக்கமும் உள்ள இடத்தில் வலியைக் கூட்டும் இதே புரோஸ்டாகிளாண்டின், இரைப்பையில் காவல்காரராக இருக்கிறது: அமிலம் சுவரை அரிக்காதபடி சளிப்படலத்தைச் சுரக்கச் செய்கிறது, அச்சுவருக்கு ரத்தம் தடையின்றிப் பாயவும் வைக்கிறது. உடலில் நீர் குறையும் நேரங்களில் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சுருங்கிவிடாமல் காப்பதும் இதுவே. ஆகவே வலியை அடக்கும் மாத்திரை இந்தக் காவலையும் சேர்த்தே விலக்குகிறது. மனிதரில் இந்தக் காவல் விலகுவது பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான்.

நாயில் அப்படியில்லை. கல்லீரல் பித்தநீரோடு குடலுக்குள் தள்ளிவிடும் மருந்தை நாயின் குடல் மீண்டும் உறிஞ்சி ரத்தத்திற்கு அனுப்புகிறது. அது மறுபடி கல்லீரலுக்கு வருகிறது, மறுபடி குடலுக்குப் போகிறது. வாசல் வழியே அனுப்பியவர் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வருவதைப் போன்றது இது. நேப்ராக்சென் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய மனிதருக்கு 12 முதல் 17 மணி நேரம் ஆகிறது. நாய்களில் அது 74 மணி நேரம் வரை நீண்டிருக்கிறது. அதாவது திங்கட்கிழமை காலையில் கொடுத்த மாத்திரையில் பாதி, வியாழக்கிழமை காலையிலும் அதன் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். நாம் 'ஒரு நாளைக்கு இரண்டு வேளை' என்று நினைத்துக் கொடுத்தால், மருந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். இப்யூபுரோஃபெனைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தால்கூட, தொடர்ந்து கொடுக்கும்போது இரைப்பைப் புண் வரக்கூடும். ஒரே வேளையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் வாந்தியும் ரத்தப்போக்கும், 175ஐத் தாண்டினால் சிறுநீரகச் செயலிழப்பும், 400ஐத் தாண்டினால் வலிப்பும் ஏற்படலாம். நம் ஊர் மருந்துக்கடைகளில் உடல்வலிக்குக் கொடுக்கப்படும் கூட்டு மாத்திரைகளில் 400 மில்லிகிராம் இப்யூபுரோஃபெனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருப்பதுண்டு. 6 கிலோ நாய்க்கு அதில் ஒன்றே ஒன்று போதும், முதல் எல்லையைக் கடக்க.

பாராசிட்டமாலின் கதை வேறு. மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்ஃபேட்டுடனோ இணைத்து, நீரில் கரையும்படி செய்து வெளியேற்றிவிடுகிறது. மீதமுள்ள சிறு பகுதி வீரியமிக்க ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. அதைக் குளுடாதயோன் என்னும் பாதுகாப்புப் பொருள் உடனுக்குடன் பிடித்து அடக்குகிறது. அளவு கூடும்போது குளுடாதயோன் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. இதுவரை சொன்னது மனிதருக்கும் பொருந்தும். நாய்க்கு இதற்கு மேலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமாலிலிருந்து பிரியும் பாரா-அமினோஃபீனால் என்ற பொருளை மறுபடி பாராசிட்டமாலாகவே மாற்றி அடக்கிவிட அசிட்டைல் தொகுதியை ஏற்றும் ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவே நாய் இனத்தில் கிடையாது. அடங்காத அந்தப் பொருள் சிவப்பணுக்களில் சேர்ந்து, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் நிலையை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க இயலாத மெத்ஹீமோகுளோபினாக ஆக்கிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அப்போது ரத்தம் சிவப்பு மங்கிப் பழுப்பாகிறது. நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு, சேறு படிந்ததுபோல் தெரியும். ஈறே கறுப்பாக இருக்கும் நாட்டு நாய்களில் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்கவேண்டும். மூச்சிரைப்பும் முகத்திலும் பாதங்களிலும் வீக்கமும் கூடவே வரலாம். பூனைகளுக்கோ இது இன்னும் கொடியது: குளுக்குரோனிக் அமிலத்தை இணைக்கும் நொதிகளில் பாராசிட்டமாலுக்குத் தேவையானது அவற்றில் வேலை செய்வதில்லை என்பதால், மாத்திரையின் ஒரு துண்டே பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

நாய்க்கு வலி மருந்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்றவற்றை நாயின் உடலில் சோதித்து, நாய்க்கென அளவு குறித்திருக்கிறார்கள். பாராசிட்டமாலையும் கால்நடை மருத்துவர்கள் சில நேரம் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில், கல்லீரலின் நிலையைப் பார்த்துக் கொடுப்பதுண்டு. பெயர் ஒன்றாக இருப்பதனால் நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்பதுதான் தவறு. மெலாக்சிகாமை நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமும் அடுத்த நாட்களில் 0.1 மில்லிகிராமும் கொடுப்பது வழக்கம். மனிதருக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வருகிறது. 5 கிலோ நாய்க்குச் சிறிய மாத்திரையைக் கொடுத்தாலும் அது தினசரி அளவைப்போல் 15 மடங்கு. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: டிராமடோல் மனித உடலில் எந்தப் பொருளாக மாறி வலியை நன்கு அடக்குகிறதோ, அந்தப் பொருளை நாயின் உடல் மிகக் குறைவாகவே உருவாக்குகிறது. எனவே கொடுத்தவருக்கு நிம்மதி கிடைக்கும், நாயின் மூட்டுவலி அப்படியே இருக்கும்.

ஓர் உயிருக்கு மருந்தாவது இன்னோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதற்கு நம் நாடு கொடுத்த விலை பெரியது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, அவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2004இல் காரணம் உறுதியாகி, 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளைக் காக்க இன்றும் பாடுபடுகிறார்கள். அந்த டைக்ளோஃபெனாக்கே நாயின் இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கிறது. முழங்காலில் தடவிய களிம்பை நாய் நக்கினாலும் மருந்து உள்ளே போகும்.

மணியை அன்று மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். வெப்பமானி 102 என்று காட்டியது. அவர் காது மடலைத் திருப்பிக் காட்டினார். மடிப்புக்குள் மிளகைப்போல் உப்பிய மூன்று உண்ணிகள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணிகள் பரப்பும் எர்லிகியா என்ற பாக்டீரியத் தொற்று இப்படித் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் குறைந்துபோன உடலில், ஆஸ்பிரினோ இப்யூபுரோஃபெனோ போட்டு இரைப்பையில் ஒரு புண்ணை உண்டாக்கினால் அந்த ரத்தத்தை நிறுத்துவது மிகக் கடினம். நம் ஊரில் சோர்ந்து கிடக்கும் நாய்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் உண்ணிக் காய்ச்சல்தான் என்பதால், இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. கறுத்துத் தார்போல் வரும் மலமும், காப்பித்தூள் கலந்ததுபோன்ற வாந்தியும் தெரியும்போது இரைப்பை ஏற்கெனவே ரத்தம் கசியத் தொடங்கியிருக்கும். வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் புகட்டுவது, ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைப் பாதிக்கும் இன்னொரு நஞ்சு. முதல் மணி நேரங்களிலேயே போய்ச் சேர்ந்தால், மருத்துவர் பாதுகாப்பாக வாந்தி எடுக்கவைத்து, குடலில் சுற்றும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் கரியைக் கொடுக்க முடியும். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. தீர்ந்துபோன குளுடாதயோனை உடல் மறுபடி உருவாக்க அது உதவுகிறது. அங்கே போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது, எத்தனை மணிக்கு, நாயின் எடை எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால், அவர் கணக்குப் போட்டு உடனே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.