மூளையைத் தூண்டினால் தசைத் திறன் கூடுமா?

நின்ற இடத்திலிருந்து துள்ளிக் குதிக்கும் ஒருவரின் தொடைத் தசைகள் வெளிப்படுத்தும் திறன், அதாவது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு, தசையின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. மூளையின் இயக்கப் புறணியிலிருந்து, அதாவது அசைவுகளுக்கு ஆணையிடும் மேலடுக்கிலிருந்து, தண்டுவடம் வழியே இறங்கும் ஆணை எவ்வளவு வலுவாக, எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. மண்டையோட்டைத் திறக்காமலேயே அந்த ஆணைக்கு வலுவூட்ட முடியுமா?

இதற்காக அதிகம் சோதிக்கப்பட்ட முறைகளில் ஒன்று நேர்மின்னோட்டத் தூண்டல். உப்புநீரில் நனைத்த பஞ்சு உறைகளுக்குள் இரண்டு மின்முனைகளை வைத்து, தலையில் பட்டையால் கட்டி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 10 முதல் 20 நிமிடங்கள் வரை செலுத்துவார்கள். முதலில் தோலில் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுக்கும். பிறகு அது மங்கிவிடும். மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோல் வழியாகவே கசிந்துவிடுவதால், மூளையை எட்டும் மீதிக்கு நரம்பணுக்களிலிருந்து துடிப்பை எழுப்பும் வலிமை கிடையாது. நரம்பணுச் சவ்வின் மின்னழுத்தத்தைச் சற்றே நகர்த்தி, எளிதில் கிளர்ச்சியடையும் நிலைக்கு அணுக்களைக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தலைமீது கொடுத்த காந்தத் துடிப்பால் கைத்தசையில் எழும் சலனத்தை அளந்து, மின்னோட்டம் நின்ற பிறகும் இம்மாற்றம் சில நிமிடங்கள் நீடிப்பதை 2000ஆம் ஆண்டில் காட்டினர்.

கிளர்ச்சி கூடுவதும் திறன் கூடுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் இத்தகைய தூண்டல் கருவிகளின் விளம்பரங்கள் மறைக்கின்றன. ஆரோக்கியமான ஒருவர் முழு மூச்சாக முயலும்போது, தொடைத் தசையின் ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்கெனவே பயன்பட்டுவிடுவது வழக்கம். ஆகவே உச்ச விசையைக் கூட்ட மூளைக்கு மிஞ்சியிருக்கும் இடம் குறைவு. மாறாக, விசை எழத் தொடங்கும் முதல் சில பத்து மில்லி விநாடிகளில் தசை முழுமையாக இயங்குவதில்லை. பலன் ஏதேனும் உண்டென்றால், அந்தக் குறுகிய இடைவெளியில் தேடுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. உடற்கூறும் இங்கே தடையாக நிற்கிறது: கைக்கான பகுதி புறணியின் வெளிப்பரப்பில் இருக்க, காலுக்கான பகுதியோ உச்சந்தலைக்குக் கீழே, இரு அரைக்கோளங்களுக்கும் இடையிலான பிளவுக்குள் மறைந்திருக்கிறது.

எதிர்பார்ப்பே ஒருவரை உயரக் குதிக்கவைக்கலாம் என்பதால், போலித் தூண்டலும் சோதனையில் இடம்பெறுகிறது. அதில் குறுகுறுப்பு உணரப்படும் வரை ஏறத்தாழ 30 விநாடிகள் மட்டும் மின்னோட்டத்தைக் கொடுத்து, சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். பங்கேற்பவர் கருவி ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக் குதிப்பார். உண்மைத் தூண்டலை ஒரு நாளும் போலித் தூண்டலை இன்னொரு நாளும் கொடுத்தால், இரண்டு நாள்களிலும் எட்டிய உயரங்களின் வேறுபாடுதான் தூண்டலின் உண்மையான பங்கு. அது ஓர் ஆய்வில் தென்படுகிறது, அடுத்ததில் காணாமல் போகிறது.